மணியின் அரிப்பு அடங்கவில்லை. தெள்ளுப்பூச்சி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. எங்கே தொடங்குவது?

மழைக்காலம்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மணிக்கு நான்கு வயது. கலப்பினம், குட்டை முடி, வெளிர் சந்தன நிறம். இரண்டு வயது நிறைந்த சமயத்தில் அரிப்பு தொடங்கியது. முதலில் வந்து வந்து போனது; இப்போது ஓய்வதே இல்லை. விளக்கை அணைத்த பிறகுதான் அதிகம். பின்னங்காலால் கழுத்தைச் சொறியும்போது கழுத்துப்பட்டையின் வளையம் தரையில் பட்டுக் கணீர் கணீர் என்று ஒலிக்கும். அதட்டினால் நிறுத்துவான். சற்று நேரத்தில் முன்னங்காலை நக்கும் சத்தம் தொடங்கிவிடும். பாவம், அவனை அதட்டவும் மனம் வருவதில்லை.

நான் கவனித்ததை எழுதுகிறேன். வால் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, முதுகில் முடி உதிர்ந்து தோல் தடித்திருக்கிறது. அந்த இடத்தை முன்பற்களால் கொறித்துக்கொண்டே இருக்கிறான். முன்னங்கால் விரலிடுக்குகள் துரு நிறத்துக்கு மாறியிருக்கின்றன. இடது காதில் புளித்த வாடை அடிக்கிறது. அடிவயிற்றில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். சிலவற்றைச் சுற்றித் தோல் வட்டமாக உரிந்திருக்கிறது.

மருத்துவர் ஓர் ஊசி போட்டார், ஸ்டீராய்டு என்றார். மறுநாளே மணி நிம்மதியாகத் தூங்கினான். மருந்தின் வேகம் தணிந்ததும் பழைய கதைதான். மறுபடியும் அதே ஊசி போட்டுக்கொண்டே இருக்கலாமா என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

தெள்ளுப்பூச்சி இருக்குமோ என்று உடம்பு முழுக்க முடியை விலக்கித் தேடினேன், ஒன்றும் இல்லை. வீட்டில் ஒரு பூனையும் உண்டு, அது சொறிந்து நான் பார்த்ததே இல்லை. அப்படியானால் இது உணவு ஒவ்வாமையா? உணவை மாற்ற வேண்டுமா? எங்கே தொடங்குவது? எல்லாவற்றுக்கும் முன்னால், இன்றிரவு அவன் கொஞ்சம் தூங்குவதற்கு நான் என்ன செய்யலாம்?

பசுங்கிளை:

எங்கள் வீட்டிலும் இதே பாடுதான் பட்டோம். உணவை உடனே வேறு நிறுவனத்துடையதாக மாற்றிப் பாருங்கள். உடம்பு முழுக்க எண்ணெய் தடவி ஊறவிட்டு, குழந்தைகளுக்குப் போடும் மென்மையான ஷாம்புவால் தினமும் குளிப்பாட்டுங்கள். நமக்கு அலர்ஜிக்குக் கொடுக்கும் மாத்திரையில் பாதி கொடுத்தாலும் கேட்கும் என்கிறார்கள். ஊசி, மாத்திரை என்று போனால் அதற்கு முடிவே இல்லை.

சீப்பும் கையும்:

மழைக்காலம், நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டிச் சீவிவிடுவதுதான் என் தொழில். நாள் முழுதும் நாய்த்தோலைத் தொட்டுக்கொண்டிருப்பவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். நோய்க்குப் பெயர் வைப்பதும் மருந்து எழுதுவதும் மருத்துவரின் வேலை. ஆனால் அவர் சிறிது நேரம் பார்க்கிற நாயை இராப்பகலாகப் பார்ப்பவர் நீங்கள். எந்த இடத்தில் அரிக்கிறது, எப்போது அரிக்கிறது, வீட்டில் வேறு யாருக்காவது அரிக்கிறதா என்ற மூன்றையும் நீங்கள் தெளிவாகச் சொல்லிவிட்டால் அவருடைய வேலை பாதியாகக் குறையும். நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால் அந்தக் கவனம் உங்களுக்கு இருக்கிறது. அதனால்தான் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

வால் அடியையும் பின்தொடையையும் ஒரு நாய் கடித்துக் கொறித்தால், நான் முதலில் தேடுவது தெள்ளுப்பூச்சியைத்தான். "தேடிவிட்டேன், இல்லை" என்று என்னிடம் சொல்லாதவர்களே கிடையாது. தெள்ளு ஒவ்வாமை உள்ள நாயின் உடம்பில் தெள்ளு கிடைப்பதுதான் கடினம்! அரிப்பு தாங்காமல் அது ஓயாமல் நக்கியும் கொறித்தும் பூச்சிகளை விழுங்கிவிடுகிறது. அந்த நாய்க்கு உடம்பெல்லாம் பூச்சி மொய்க்க வேண்டிய அவசியமும் இல்லை. கடிக்கும்போது உள்ளே இறங்கும் எச்சிலுக்குத்தான் ஒவ்வாமை. ஓரிரண்டு கடி போதும், நாள்கணக்கில் அரிக்கும். ஒவ்வாமை இல்லாத பூனையோ அதே பூச்சிகளைச் சுமந்துகொண்டு சும்மா படுத்திருக்கும். நாய்களின் மேல் அதிகமாகக் காணப்படுவதே பூனைத் தெள்ளு என்ற இனம்தான். ஆகவே உங்கள் பூனை சொறியவில்லை என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

பூச்சியைத் தேட வேண்டாம், அதன் எச்சத்தைத் தேடுங்கள். ஈரமில்லாத வெள்ளைத் துணியையோ காகிதத்தையோ தரையில் விரித்து அதன்மேல் மணியை நிறுத்துங்கள். வால் அடியில் முடியை எதிர்த்திசையில் விரல்களால் நன்றாக அளைந்துவிடுங்கள். நெருக்கமான பற்கள் உள்ள பேன் சீப்பு இருந்தால் இன்னும் நல்லது. தோலைத் தொடும்படி வைத்து வாலை நோக்கி இழுங்கள். கருப்புத் துகள்கள் விழுந்தால் அவற்றின்மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுச் சற்றுப் பொறுத்திருங்கள். வெறும் மண் என்றால் நிறம் மாறாமல் கிடக்கும். தெள்ளின் எச்சம் என்றால் துகளைச் சுற்றிச் செம்பழுப்பு மெல்லப் படரும். அது பூச்சி குடித்துச் செரித்த இரத்தம். இதை நான் செய்து காட்டும்போது முகம் மாறாத வீட்டுக்காரரை நான் பார்த்ததில்லை.

ஆசனவாயைச் சுற்றியும் ஒருமுறை பாருங்கள். அரிசிமணி போன்ற வெள்ளைத் துண்டுகள் ஒட்டியிருந்தால் அது நாடாப்புழு. தெள்ளை விழுங்குவதால் வருவது, ஆகவே அதுவும் ஒரு சாட்சி.

அடுத்து காது மடலின் ஓரம், முழங்கை, பின்னங்கால் குதிமூட்டு. இந்த இடங்களில் செதில் தட்டிச் சொரசொரப்பாக இருந்தால் அது வேறு விவகாரம். தோலைத் துளைத்து உள்ளே குடியிருக்கும் சொறிச்சிற்றுண்ணி. காது மடலின் ஓரத்தை மடித்து இரண்டு விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். அந்தப் பக்கத்துப் பின்னங்கால் தானாகச் சொறிவதுபோல் உதறத் தொடங்கினால் மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். வீட்டில் யாருக்காவது முன்கையிலோ வயிற்றிலோ அரிக்கும் தடிப்புகள் வந்திருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இது மனிதர் மேலும் தற்காலிகமாக ஏறக்கூடியது. நீங்கள் எழுதிய இடங்கள் இதனுடன் ஒத்துப்போகவில்லை, ஆனாலும் பார்த்துவிடுவது நல்லது.

முன்னங்கால், காது, முகம், அக்குள், தொடை இடுக்கு ஆகியவை ஒவ்வாமையின் வழக்கமான இடங்கள். தூசிச் சிற்றுண்ணி, மகரந்தம், பூஞ்சைத்தூள் போன்றவற்றால் வரும் தோல் ஒவ்வாமை பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள் தலைகாட்டும். மணிக்கு இரண்டு வயதில் தொடங்கியிருக்கிறது. விரலிடுக்கின் துரு நிறம் எச்சிலால் வருவது. எவ்வளவு நாளாக நக்குகிறான் என்பதற்கு அது ஒரு பதிவேடு. புளித்த வாடை ஈஸ்ட் பூஞ்சையைச் சொல்கிறது. வயிற்றில் வட்டமாகத் தோல் உரிவது பாக்டீரியா தொற்றாக இருக்கலாம். ஒரே நாயிடம் இவை எல்லாம் சேர்ந்தே இருக்க முடியும், பெரும்பாலும் சேர்ந்தேதான் இருக்கின்றன. ஒவ்வாமையால் சொறிகிறது, சொறிந்த இடத்தில் கிருமி பெருகுகிறது, கிருமியால் இன்னும் அரிக்கிறது. ஒன்றை மட்டும் விரட்டிவிட்டு "மருந்து கேட்கவில்லை" என்று மனம் தளர்கிறோமே, பெரும்பாலும் அது இதனால்தான்.

பசுங்கிளை, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் எண்ணெய் தடவச் சொல்லாதீர்கள். அந்த ஈஸ்ட் தோலின் எண்ணெய்ப் பசையில்தான் செழிக்கிறது. மனிதர்களின் ஷாம்புவும் வேண்டாம். நம் தோல் அமிலத்தன்மை கொண்டது, நாயின் தோல் ஏறக்குறைய நடுநிலையானது. மேல்தோலும் நம்முடையதைவிட மெல்லியது. குழந்தைக்கு ஆகும் என்பதால் நாய்க்கும் ஆகும் என்று கணக்குப் போட முடியாது. மனித மாத்திரை பற்றி மருத்துவர் யாராவது வந்து சொல்லட்டும்.

இன்றிரவுக்குச் சொல்கிறேன். கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடுங்கள், அதன் அடியில் ஈரமும் அழுக்கும் தங்கித் தோல் புழுங்கியிருக்கும். குளிர்ந்த தண்ணீரில் மெல்லிய துணியை நனைத்துப் பிழிந்து, வால் அடியில் ஐந்து நிமிடம் ஒற்றி வையுங்கள். குளிர்ச்சி அரிப்பை மந்தப்படுத்தும். பனிக்கட்டியை நேரடியாகத் தோலில் வைக்க வேண்டாம். பாதங்களைக் குளிர்ந்த நீரில் அலசி, விரலிடுக்கு ஒவ்வொன்றையும் துணியால் ஒற்றி உலர்த்துங்கள். ஈரம் தங்கினால் ஈஸ்ட்டுக்குக் கொண்டாட்டம். புண்ணாகும் அளவுக்குக் கொறித்தால் கழுத்தில் மாட்டும் கூம்பை இரவு மட்டுமாவது போடுங்கள். அவன் அதை வெறுப்பான், ஆனாலும் தோல் ஆறுவதற்கு அந்த இடைவெளி தேவை.

மழைக்காலம்:

அம்மா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். சீப்பில் வந்த துகள்களை வெள்ளைத் துணியில் தட்டித் தண்ணீர் விட்டேன். சிவந்துவிட்டது. பூனையையும் சீவினேன், அதிலும் அப்படியே! இத்தனை நாளும் என் மடியில் படுத்திருந்த பூனை. காது மடலைத் தேய்த்தபோது கால் உதறவில்லை. வீட்டில் யாருக்கும் தடிப்பு இல்லை. ஈரத்துணி ஒற்றியதும் மணி கண்ணை மூடிக்கொண்டு நின்றான். அதைப் பார்த்து எனக்கே நெஞ்சு லேசானது.

அப்படியானால் எல்லாம் தெள்ளுதானா? காதும் பாதமும்கூடவா? நாளை மருத்துவரிடம் போகிறோம். என்னென்ன கேட்க வேண்டும்?

மருந்துச்சீட்டு:

கால்நடை மருத்துவத்தில் இருக்கிறேன். நேரில் பார்க்காத நாய்க்கு மருந்தளவு சொல்ல மாட்டேன். ஆனால் நாளைய சந்திப்புக்கு உங்களைத் தயார்ப்படுத்த முடியும்.

மேலே சகோதரி எழுதியது சரியான பாதை. தெள்ளு உறுதியாகிவிட்டது, அதை முதலில் ஒழிக்க வேண்டும். ஆனால் காதும் பாதமும் அதனால் மட்டும் என்று இப்போதே சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு நாய்க்கும் தாங்கக்கூடிய அரிப்புக்கு ஓர் எல்லை உண்டு. தெள்ளு கொஞ்சம், ஈஸ்ட் கொஞ்சம், காற்றில் வரும் ஒவ்வாமை கொஞ்சம் என்று சேர்ந்து அந்த எல்லையைத் தாண்டும்போதுதான் சொறிகிறது. இரண்டைக் குறைத்தாலே மூன்றாவதைப் பல நாய்கள் பொறுத்துக்கொள்கின்றன. ஆகவே படிப்படியாகப் போங்கள்.

நாளை தோலையும் காதையும் நுண்ணோக்கியில் பார்க்கும்படி கேளுங்கள். ஒட்டும் நாடாவைத் தோலில் அழுத்தி எடுத்துச் சாயமேற்றினால் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் தெரிந்துவிடும். காது அழுக்கையும் பஞ்சுக்குச்சியால் எடுத்து அப்படியே பார்க்கலாம். செவிப்பறை முழுமையாக இருக்கிறதா என்று பார்க்காமல் காதுக்குள் எந்த மருந்தையும் ஊற்றக் கூடாது. தோலைச் சுரண்டி எடுத்துச் சிற்றுண்ணி இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். சுரண்டலில் முடி முளைக்கும் குழிக்குள் வாழும் முடிப்பைச் சிற்றுண்ணி எளிதாகக் கிடைக்கும். சொறிச்சிற்றுண்ணியோ இருந்தும் அகப்படாமல் போவது சாதாரணம். ஆகவே அதில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் சந்தேகம் இருந்தால் அதற்கான மருந்தைக் கொடுத்துப் பார்ப்பது வழக்கம்.

தெள்ளுக்கு இப்போது அதிகம் பயன்படுவது ஐசாக்ஸசோலின் வகை மாத்திரைகள்: அஃபாக்சோலனர், சரோலனர், லோட்டிலனர், ஃப்ளுராலனர். முதல் மூன்றும் மாதம் ஒருமுறை. ஃப்ளுராலனர் மாத்திரை தெள்ளுக்கு 12 வாரம் வரை நிற்கும். மணிக்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் இதை எழுதுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இந்த வகை மருந்துகளால் சில நாய்களுக்கும் பூனைகளுக்கும் நடுக்கம், வலிப்பு போன்றவை வரக்கூடும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018-ல் எச்சரித்திருக்கிறது. பெரும்பாலான நாய்கள் சிக்கலின்றி ஏற்றுக்கொள்கின்றன.

பூனைக்கும் கட்டாயம் மருந்து வேண்டும், ஆனால் பூனைக்கென்றே தயாரித்ததாக இருக்க வேண்டும். நாய்க்குத் தோலில் விடும் சொட்டுமருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். அது பூனைக்கு நஞ்சு; நாய் மருந்தையே அளவு குறைத்துப் பூனைக்குப் போட்டுவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பெர்மெத்ரின் போட்ட நாயைப் பூனை நக்கினாலும் உரசிப் படுத்தாலும்கூட ஆபத்து.

ஸ்டீராய்டு பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது கெட்ட மருந்து இல்லை. கடுமையான அரிப்பை ஓரிரு நாளில் அடக்க அதற்கு நிகர் குறைவு. ஆனால் நோயின் காரணத்தை அது சொல்லாது. பல காரணங்களால் வரும் அரிப்பும் அதற்கு அடங்கும், மருந்து தீர்ந்ததும் திரும்பும். நீண்ட நாள் கொடுத்தால் தாகம், சிறுநீர், பசி எல்லாம் கூடும்; தசை மெலியும்; தோல் மெலிந்து தொற்றுக்கு வழிவிடும். தினமும் மாத்திரையாகக் கொடுத்து வந்ததைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. வலி நிவாரணி மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்தால் இரைப்பையில் புண் வந்து இரத்தம் கசியலாம். மணி வேறு எந்த மாத்திரை சாப்பிட்டாலும் சொல்லுங்கள்.

ஸ்டீராய்டுக்கு மாற்றாக இப்போது இரண்டு வழிகள் பரவலாக இருக்கின்றன. ஓக்லாசிட்டினிப் மாத்திரை அரிப்புச் செய்தியைக் கடத்தும் பாதையை மறிக்கிறது. அமெரிக்காவில் 2013-ல் அனுமதி பெற்றது. 12 மாதத்துக்குக் குறைந்த நாய்களுக்கும் கடும் தொற்று உள்ள நாய்களுக்கும் கொடுப்பதில்லை. லோகிவெட்மாப் ஊசி, அரிப்பைத் தூண்டும் இன்டர்லூகின்-31 என்ற புரதத்தைப் பிடித்துச் செயலிழக்கச் செய்கிறது. நாய்க்கு நாய் மாறினாலும் ஏறக்குறைய நான்கு முதல் எட்டு வாரம் நிற்கும். இரண்டுமே அரிப்பை அடக்குபவை. தெள்ளைக் கொல்லாது, ஈஸ்ட்டைக் கொல்லாது.

மனிதர்களின் அலர்ஜி மாத்திரை: நாய்களின் அரிப்புக்கு அதன் பலன் குறைவு. அதைவிடப் பெரிய கவலை, கடையில் கிடைக்கும் சில மாத்திரைகளில் மூக்கடைப்புக்கான மருந்தும் வலி மருந்தும் கலந்திருக்கும். அவை நாயின் உயிருக்கே ஆபத்து. துத்தநாக ஆக்சைடு களிம்பையும் தடவாதீர்கள். நாய் நக்கி விழுங்கும். தேயிலை மர எண்ணெயும் வேண்டாம், தோல் வழியாகவே நஞ்சேறும்.

எட்டுமணிக்குப்பின்:

மழைக்காலம், உணவு பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். என் பெண்நாய்க்கு உணவு ஒவ்வாமை என்று கண்டுபிடித்தது ஒழுங்கான உணவு நீக்கச் சோதனையால்தான். நிறுவனத்தை மாற்றுவது சோதனை ஆகாது. பெயர் மாறினாலும் உள்ளே இருக்கும் இறைச்சி பெரும்பாலும் அதேதான். மாட்டிறைச்சி, பால் பொருட்கள், கோழி, கோதுமை என்று நாய்கள் அன்றாடம் தின்பவையே ஒவ்வாமைக்கும் முதலிடத்தில் இருக்கின்றன.

மருத்துவர் தேர்ந்தெடுக்கும் உணவு ஒன்றே, குறைந்தது எட்டு வாரம். அவன் இதுவரை தின்றிராத இறைச்சி வகையாகவோ, புரதத்தை நுண்ணிய துண்டுகளாக உடைத்துத் தயாரித்த உணவாகவோ இருக்கும். அந்த எட்டு வாரமும் வேறெதுவும் வாயில் படக் கூடாது. கடிக்கக் கொடுக்கும் எலும்பு, பயிற்சிக்கான தின்பண்டம், சுவையூட்டிய மாத்திரை, பூனையின் கிண்ணத்தில் மிஞ்சியது எல்லாமே கணக்கில் சேரும். எங்கள் வீட்டில் மிகக் கடினமாக இருந்தது விருந்தாளிகளைத் தடுப்பதுதான். சமையலறைக் கதவில் ஒரு தாளே ஒட்டி வைத்தேன்.

அரிப்பு குறைந்தால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அரிப்பு திரும்பும், அப்போதுதான் உறுதி. என் நாய் பழைய உணவு தின்ற சில நாட்களிலேயே காதைத் தரையில் தேய்க்கத் தொடங்கினாள். மனம் வலித்தது, ஆனால் சந்தேகம் அடியோடு போயிற்று.

ஆனால் ஒன்று: இந்தச் சோதனையை இப்போதே தொடங்காதீர்கள். தெள்ளும் ஈஸ்ட்டும் இருக்கும்போது உணவை மாற்றினால் எதனால் குறைந்தது, எதனால் கூடியது என்று யாராலும் சொல்ல முடியாது. இரத்தத்தை எடுத்து உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் சோதனைகளையும் நம்ப வேண்டாம்.

இன்னொன்று, தினமும் படுக்கப் போகுமுன் அரிப்புக்கு 0 முதல் 10 வரை ஓர் எண் கொடுத்து நாள்காட்டியில் எழுதுங்கள். 0 என்றால் இயல்பு, 10 என்றால் சாப்பாட்டையும் விளையாட்டையும் விட்டுச் சொறிவது. எந்த மருந்து எந்த நாளில் தொடங்கியது என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள். நினைவு ஏமாற்றும்; அதிலும் முந்தைய இரவு தூக்கம் கெட்டிருந்தால் மாதம் முழுவதும் மோசம் என்றே தோன்றும்.

மழைக்காலம்:

மருத்துவரிடம் போய் வந்தோம். எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. காதிலும் விரலிடுக்கிலும் ஈஸ்ட், வயிற்றில் பாக்டீரியா. சுரண்டலில் சிற்றுண்ணி இல்லை. தெள்ளுக்கு மாத்திரை, காதுக்குச் சொட்டுமருந்து, பாக்டீரியாவுக்குக் குளோர்ஹெக்சிடினும் பூஞ்சைக்கு மைகோனசோலும் கலந்த ஷாம்பு. முதலில் வாரம் இரண்டு முறை குளிப்பாட்டச் சொன்னார். பூனைக்குத் தனி மருந்து. தெள்ளும் தொற்றும் அடங்கிய பிறகும் பாதத்தை நக்கினால் ஒவ்வாமைக்கு அடுத்த கட்டம் பார்க்கலாம் என்றார்.

சீப்பும் கையும் அம்மா, குளிப்பாட்டும் முறையைச் சொல்லித்தர முடியுமா? மணிக்குக் குளியல் என்றாலே நடுக்கம். வீட்டையும் என்ன செய்வது என்று தெரியவில்லை. அவன் படுக்கும் சோபாவைத் தூக்கி எறிந்துவிடலாம் என்று தோன்றுகிறது.

சீப்பும் கையும்:

சோபாவை எறியாதீர்கள் மகளே. முதலில் குளியல்.

மருந்து ஷாம்புவின் பலன் முழுவதும் அது தோலில் இருக்கும் நேரத்தில்தான் இருக்கிறது. பத்து நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம். மனக்கணக்கில் பத்து நிமிடம் என்பது பெரும்பாலும் மூன்று நிமிடம்தான். அந்த நேரத்தை எப்படிக் கழிப்பது என்பதுதான் சாமர்த்தியம். முதலில் வழுக்காத விரிப்பை அவன் காலடியில் போடுங்கள். குளியலுக்கு நடுங்கும் நாய்கள் பல தண்ணீருக்குப் பயப்படுவதில்லை, கால் வழுக்குவதற்குத்தான் பயப்படுகின்றன. தண்ணீர் குளிர்ச்சியாகவோ, கையில் ஊற்றினால் சூடு தெரியாத அளவிலோ இருக்கட்டும். வெந்நீர் அரிப்பைக் கிளப்பிவிடும்.

தண்ணீர் தோல்வரை இறங்கும்படி நனையுங்கள். குட்டை முடிதானே என்று நினைக்க வேண்டாம். குட்டை முடியின் மேல் தண்ணீர் வழுக்கி ஓடிவிடும். உள்ளங்கையால் எதிர்த்திசையில் தடவித் தடவி உள்ளே ஏற்றுங்கள். ஷாம்புவை நேரடியாக முதுகில் ஊற்றாமல் ஒரு குவளையில் நீர் சேர்த்துக் கலக்கிக்கொள்ளுங்கள், சமமாகப் பரவும். மோசமான இடத்தில் தொடங்குங்கள்: முதலில் நான்கு பாதங்கள், பிறகு அக்குள், தொடை இடுக்கு, வயிறு, வால் அடி, கடைசியில் மற்ற இடங்கள். அப்போதுதான் நோயுள்ள இடத்தில் மருந்து அதிக நேரம் நிற்கும். விரலிடுக்கில் ஒவ்வொரு விரலாக விரித்து, நடுவிலுள்ள மெல்லிய தோலில் விரல்நுனியால் வட்டமாகத் தேயுங்கள். நகம் படக் கூடாது. ஈஸ்ட் பிடித்த இடம் தொட்டாலே தெரியும், மெழுகு படிந்ததுபோல் பிசுபிசுக்கும். ஓரிரு வாரத்தில் அந்தப் பிசுபிசுப்பு விலகுவதை உங்கள் விரலே உங்களுக்குச் சொல்லும். கண்ணைவிட விரல் முந்திக்கொள்ளும், என் அனுபவத்தில்.

அந்தப் பத்து நிமிடமும் அவனோடு பேசிக்கொண்டு மார்பை மெதுவாக நீவிக்கொண்டிருங்கள். ஷாம்புவை நக்கவிடாதீர்கள். கண்ணிலும் காதுக்குள்ளும் போகக் கூடாது. குளோர்ஹெக்சிடின் கண்ணுக்குக் கெடுதல். முகத்தை ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

அலசுவதற்குத் தேய்த்த நேரத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். அக்குளிலும் விரலிடுக்கிலும் தங்கிய நுரை காய்ந்தால் அதுவே புதிய அரிப்பு. பிறகு துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். சூடான காற்று அடிக்கும் கருவியும் வேண்டாம்; மின்விசிறிக் காற்று போதும். மருத்துவர் கழுத்தில் விடும் சொட்டுமருந்து எப்போதாவது எழுதினால், குளியலுக்கும் அதற்கும் எத்தனை நாள் இடைவெளி என்று கேட்டுக்கொள்ளுங்கள். இப்போது மாத்திரை என்பதால் அந்தக் கவலை இல்லை.

வீட்டுக்கு வருகிறேன். நாயின் மேல் இருப்பது படையில் சிறு பங்குதான். முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாம் தரை விரிசலிலும் படுக்கையிலும் சோபா இடுக்கிலும் கிடக்கின்றன. ஒரு பெண் தெள்ளு ஒரே நாளில் 40 முதல் 50 முட்டைகள்வரை இடும்; அவை நாயின் முடியில் ஒட்டாமல் அவன் போகிற இடமெல்லாம் உதிரும். படுக்கை விரிப்புகளை வாரந்தோறும் சூடான நீரில் துவையுங்கள். சோபாவின் இடுக்குகளையும் அதன் அடியையும் தூசி உறிஞ்சியால் எடுத்து, உறிஞ்சியின் பையை உடனே வீட்டுக்கு வெளியே அப்புறப்படுத்துங்கள்.

கூட்டுப்புழு மட்டும் பிடிவாதமானது. கூட்டுக்குள்ளேயே மாதக்கணக்கில் காத்திருக்கும். மருந்தும் உள்ளே எளிதில் போகாது. அதிர்வும் உடல் சூடும் மூச்சுக்காற்றும் பட்டால் சட்டென்று வெளிவரும். ஆகவே மருந்து தொடங்கிய பிறகும் புதுப் பூச்சிகளைப் பார்ப்பீர்கள். மருந்து வேலை செய்யவில்லை என்று அப்போது நிறுத்திவிடாதீர்கள். அவை மணியின் மேல் ஏறிச் சாகத்தான் வருகின்றன. குறைந்தது மூன்று மாதம், நாய்க்கும் பூனைக்கும் ஒரு தவணைகூடத் தவறக் கூடாது. என்னிடம் வரும் வீடுகளில் பாதியில் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான்: முதல் மாதம் நன்றாகப் போகும், நாய் தூங்கும், எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

மழைக்காலம்:

இரண்டு குளியல் ஆகிவிட்டது. விரிப்பு போட்டதும் நடுக்கம் பாதியாகக் குறைந்தது, உண்மைதான். நாள்காட்டியில் 8 என்று தொடங்கியது இப்போது 5. பாதம் நக்குவது மட்டும் அப்படியே இருக்கிறது. வெளியே நடந்து வந்ததும் அதிகம். இதற்கு இப்போதே ஏதாவது செய்யலாமா, அல்லது பொறுக்க வேண்டுமா?

மருந்துச்சீட்டு:

வெளியிலிருந்து வந்ததும் பாதங்களைச் சாதாரணத் தண்ணீரில் அலசி, விரலிடுக்கை உலர்த்துங்கள். மகரந்தமும் தூசியும் தோலில் தங்கும் நேரம் குறையும். இதற்குப் பொறுக்க வேண்டியதில்லை, இன்றே தொடங்கலாம். மறுபரிசோதனையில் ஈஸ்ட் ஒழிந்துவிட்டது என்று நுண்ணோக்கி சொன்ன பிறகும் நக்கினால், அப்போது ஒவ்வாமை என்ற பேச்சுக்கு வாருங்கள். முதலில் எட்டு வார உணவுச் சோதனை. அதிலும் விடை கிடைக்காவிட்டால் காற்றில் வரும் ஒவ்வாமை. அதற்கு நீண்டகால வழி, ஒவ்வாமைப் பொருளையே சிறு அளவில் ஊசியாகவோ நாக்கடிச் சொட்டாகவோ கொடுத்து உடலைப் பழக்குவது. பலன் தெரிய ஓராண்டுகூட ஆகலாம். எந்தப் பொருளைக் கொடுப்பது என்று தேர்ந்தெடுக்கத்தான் தோல் ஊசிச் சோதனையும் இரத்தச் சோதனையும்.

ஒமேகா-3 கொழுப்பு அமிலம் சேர்ப்பது பற்றியும் கேளுங்கள். எட்டு முதல் 12 வாரம் கழித்துத்தான் தெரியும், தனியாக நின்று அரிப்பை அடக்காது, ஆனால் மற்ற மருந்தின் அளவைக் குறைக்க உதவக்கூடும். 5-லிருந்து மேலே ஏறினாலோ, காதைத் தொடவிடாமல் தலையைச் சாய்த்துக்கொண்டாலோ, ஒரே இரவில் ஈரமான சிவந்த புண் பரவினாலோ மறுபரிசோதனை நாள்வரை காத்திருக்க வேண்டாம், உடனே அழைத்துப் போங்கள்.

மழைக்காலம்:

சரி டாக்டர். பாதம் அலசுவதை இன்று மாலை நடையிலிருந்தே தொடங்குகிறேன். மறுபரிசோதனை முடிந்ததும் நுண்ணோக்கியில் என்ன தெரிந்தது என்று இங்கேயே எழுதுகிறேன்.